குறளா, நாலடியாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் ஒரு குறளைச் சொல்லி முடித்துவிடலாம், இரண்டே அடி. நாலடியார் நான்கடி, மொத்தம் 400 பாட்டு. 1330 குறளில் நிலையாமை என்று ஒரே அதிகாரம்தான். நாலடியார் தொடங்குவதே அதில்தான்: செல்வம், இளமை, யாக்கை (உடல்) என மூன்று அதிகாரம்.

பெருஞ்செல்வம் போவதைக் குறள், கூத்து முடிந்து கலையும் கூட்டமாகக் காட்டுகிறது. அழகுதான், சரி. நாலடியாரோ ‘சகடக்கால் போல வரும்’ என்கிறது. வண்டிச் சக்கரம் உருண்டுகொண்டே இருக்குமாம். அதனால் கையில் இருக்கும்போதே பலரோடு சேர்ந்து சாப்பிடு என்கிறது. தோட்டத்தில் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானதைப் பார்த்தவர் என் அப்பா. அவருக்கு இந்தப் பாட்டுதான். மனப்பாடப் போட்டிக்குப் போகும் பேத்திக்கு மட்டும் குறளை எடுத்துக் கொடுப்பார்.