ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட், இரு பதிவுகள்: பிராட் 1952, பிராக் 2013

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் தம் 31ஆம் வயதில், 1828 நவம்பர் 19 அன்று மறைந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு எழுதி முடித்த, ஐந்து தந்திக்கருவிகளுக்கான சி மேஜர் குவின்டெட், 1850இல்தான் வியன்னாவில் பொது அரங்கேற்றம் கண்டது. மொட்சார்ட் தம் குவின்டெட்டுகளில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா இரண்டைச் சேர்த்தார். ஷூபர்ட்டோ அதைவிடத் தாழ்ந்த குரலுடைய செல்லோ இரண்டைச் சேர்த்து, ஒன்று அடித்தளத்தைத் தாங்க மற்றொன்று மேலேறிப் பாடும்படி அமைத்தார். ஆகவே, இப்படைப்பின் எந்தப் பதிவைக் கேட்டாலும் என் காது முதலில் செல்வது அந்தக் கீழ்க்குரல்களிடம்தான்.

பிரான்ஸின் பிராட் என்னும் சிற்றூரில் 1952இல் பதிவானதில் முதல் செல்லோ பாப்லோ கசால்ஸ், இரண்டாம் செல்லோ பால் டோர்ட்டெலியே; வயலின்கள் ஐசக் ஸ்டெர்னும் அலெக்சாண்டர் ஷ்னைடரும், வியோலா மில்டன் காட்டிம்ஸ். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை ஏற்க மறுத்து அங்கே தங்கிவிட்ட கசால்ஸுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. முதல் பகுதியில் இரு செல்லோக்களும் சேர்ந்து இ பிளாட் மேஜரில் பாடும் இரண்டாம் கருப்பொருளில், இருவரும் ஒரே மூச்சில் பேசுவதுபோல் இருக்கிறது. பிராட் இசைவிழாவுக்காகக் கூடிய ஐவர் என்பதால் சுருதி ஆங்காங்கே பிசகுகிறது. ஒலியும் பழைய மோனோ.

பிராக் நகரின் நால்வர் குழுவான பாவெல் ஹாஸ் குவார்ட்டெட், விருந்தினராக வந்த செல்லோ கலைஞர் டான்ஜூலோ இஷிசாகாவுடன் 2013இல் சுப்ராபோன் நிறுவனத்துக்காகச் செய்த பதிவில் இந்தக் குறை இல்லை. 2002 முதல் இயங்கும் குழுவுக்குரிய ஒருமை ஒவ்வொரு வில்வீச்சிலும் தெரிகிறது. மெலிந்த ஒலியிலிருந்து உரத்த ஒலிக்கு ஏறும் இடங்களில் இவர்களின் துணிவு வியக்க வைக்கிறது.

உண்மையான சோதனை, மெதுநடையிலுள்ள இரண்டாம் பகுதியான அடாஜியோதான். நடுவிலுள்ள மூன்று கருவிகள் நீண்ட சுரங்களை இழுத்துக்கொண்டே இருக்க, மேலே முதல் வயலின் விட்டுவிட்டுச் சிறு துணுக்குகளை உதிர்க்கிறது. கீழே இரண்டாம் செல்லோ வில்லைத் தவிர்த்து விரலால் தந்தியைச் சுண்டுகிறது. டோர்ட்டெலியே சுண்டும் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னே வரும் அந்தச் சிறு மௌனத்தில், காலம் நின்றுவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். வேறு எந்தப் பதிவிலும் இந்த அனுபவம் எனக்குக் கிட்டியதில்லை. ஆனால் எஃப் மைனரில் வெடிக்கும் நடுப்பகுதி முடிந்து தொடக்க இசை திரும்பும்போது, அதே இரண்டாம் செல்லோவுக்கு விரைந்தோடும் சுரங்களை ஷூபர்ட் தருகிறார். பிராட் பதிவில் அவை கலங்கலாகவே கேட்கின்றன. பிராக் பதிவிலோ அடியில் நீரோடுவதுபோல் ஒவ்வொரு சுரமும் துலங்குகிறது, அந்த ஓட்டத்தில் முந்தைய கொந்தளிப்பின் நடுக்கம் இன்னும் அடங்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிகிறது.

விரைநடையிலுள்ள மூன்றாம் பகுதியான ஸ்கெர்சோவில் பாவெல் ஹாஸ் குழுவே மேல். இறுதிப் பகுதியின் ஹங்கேரிய நடனத் துள்ளலும் அவர்களிடமே இயல்பாக வருகிறது.

முதன்முறை கேட்போருக்கு நான் பிராக் பதிவையே தருவேன், ஏனெனில் ஷூபர்ட் எழுதியது முழுவதும் அதில் காதுக்கு எட்டுகிறது. கசால்ஸின் பதிவை, அடாஜியோவை ஓரளவு மனப்பாடமாக அறிந்த பிறகு, இரவில், தனியாகக் கேட்கச் சொல்வேன்.