தஞ்சைக்கு ஒரு நிரந்தரச் சிற்பம்: கருங்கல்லா, வெண்கலமா?

தஞ்சாவூர் போன்ற பழைய ஊரின் நடுவில் நிரந்தரமாக ஒரு சிற்பம் வைக்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால், அடுத்த நிமிடமே "யார் சிலை?" என்ற சண்டை ஆரம்பித்துவிடும். அதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். எதில் செய்வது, எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டே போனால், யார் சிலை என்பதற்கும் பாதி விடை வந்துவிடும்.

மலிவான வழியை முதலில் முடித்துவிடலாம். சிமென்ட் சிலைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேற்பூச்சை வெடிக்க வைக்கும். ஃபைபர் வெயிலில் வெளுத்து உரியும். கோபுரத்தில் சுண்ணாம்புக் காரையால் செய்த சுதைச் சிற்பங்கள் மட்டும் நிற்கின்றனவே என்றால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற பெயரில் அவற்றைப் புதுப்பிக்கும் வழக்கம் இருக்கிறது. தெருமுனைச் சிலைக்கு யார் கும்பாபிஷேகம் செய்வார்கள்? ஆக, நிரந்தரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பேசக் கூடாது.

மிஞ்சுவது மாமல்லபுரத்துக் கருங்கல், சுவாமிமலை வெண்கலம். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற தொழில்கள்.

கல்லுக்காக வாதாட அதிகம் மெனக்கெட வேண்டாம். பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. கல்லை யாரும் திருடி உருக்க முடியாது. குழந்தைகள் ஏறி விளையாடினாலும் ஒன்றும் ஆகாது. கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி எழுப்பிய 133 அடி வள்ளுவர் 2004 சுனாமியையே பார்த்தவர். ஆனால் கல் என்றால் கவலையே இல்லை என்பதும் சரியில்லை. அதே வள்ளுவர் மேல் படியும் கடல் உப்பைக் காகிதக்கூழ் பூசி உறிஞ்சி எடுத்து, ரசாயனப் பூச்சு கொடுக்கும் வேலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தபடி இருக்கிறது. தஞ்சையில் உப்புக் காற்று இல்லை, அது ஒரு நிம்மதி. வேறு இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன், வண்டல் மண்ணில் அதைத் தாங்க ஆழமான அஸ்திவாரம் வேண்டும். அடுத்தது, நீட்டிய கை, தூக்கிய கால், பறக்கும் முந்தானை எல்லாம் கருங்கல்லுக்கு ஒத்துவராது. உடலோடு ஒட்டிய, அசையாத உருவம்தான் அதில் நன்றாக வரும்.

வெண்கலம் இந்த இடத்தில் ஜெயிக்கிறது. அசைவு அதன் பலம். அதோடு இது தஞ்சை வட்டாரத்தின் சொந்தத் தொழில். டெல்டாவில் பாறை இல்லை, பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை. பெரிதாக முடியுமா என்ற சந்தேகம் இருந்தால், 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய சுமார் 27 அடி நடராஜரைப் பாருங்கள். ஏறத்தாழ 18 டன், சுவாமிமலையில் செய்தது.

வெண்கலத்தின் எதிரி மழையல்ல, நம் ஆட்கள்தான். இயல்பாகப் படியும் கருமையையும் பச்சையையும் அழுக்கு என்று நினைத்து, விழாவுக்கு முதல் நாள் தங்க நிற பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். நல்ல வார்ப்பு ஒரே இரவில் பொம்மையாகிவிடும்.

தலைவர் சிலை என்றால் பெயிண்ட்டோடு மாலை, ஏணி, கடைசியில் கம்பிக் கூண்டும் வரும். கண்ணகி சிலையே 2001இல் மெரினாவிலிருந்து அகற்றப்பட்டு 2006இல்தான் திரும்பி வந்தது. அதே கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் நான்கு பேர். யாருக்கும் பெயர் இல்லை. கூண்டு தேவைப்படவில்லை. தஞ்சைக்கு என் ஓட்டு அந்த வகைக்குத்தான்: வீணைக்குடம் குடையும் ஆசாரி, நாற்று நடும் பெண்கள். வெண்கலம் இதற்குத் தோதானது.

இடம்தான் பெரிய தலைவலி. பெரிய கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கிறது தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டத்தின் 2010 திருத்தம். சிவகங்கைப் பூங்கா கோயிலை ஒட்டியே இருப்பதால் அதை மறந்துவிடலாம். ராஜராஜனுக்கே 1972இல் கோயிலுக்குள் இடம் கிடைக்காமல் வெளியேதான் சிலை வைத்தார்கள். ராஜவீதிகளின் முனைகள் அழகான இடங்கள்தான், ஆனால் சாலை, நடைபாதைகளில் சிலைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் நடிகர் சிவாஜி கணேசன் சிலை போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2017இல் அடையாறுக்கு இடம் மாறியதும் நினைவிருக்கும். ஆகவே அரசு வளாகம் ஒன்றுக்குள், ஆனால் தெருவிலிருந்து தெரியும்படி வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. பீடத்தை மூன்றடிக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

யாரிடம் கொடுப்பது? மரபுவழிச் சிற்பிகளான ஸ்தபதிகளின் கை தாலமானக் கணக்கில், அதாவது முகத்தின் நீளத்தை அலகாக வைத்து உடலை அளக்கும் முறையில், பழகியது. தெய்வ உருவத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு உதவாது. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படித்த சிற்பிகளிடையே போட்டி வைத்து, சின்ன களிமண் மாதிரிகளை ஒரு மாதம் ஊர்மக்கள் பார்வைக்கு வைக்கலாம். தேர்வானதை வார்க்க சுவாமிமலைக்கு அனுப்பலாம். போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கு மாதிரி செய்யும் செலவையாவது கொடுக்க வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற சாலை டெண்டர் முறை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மெலிந்துபோவது உலோகத்தின் கனம்தான்.

ஒப்பந்தத்தில் ஆண்டுக்கொருமுறை கழுவி மெழுகு பூசுவதற்கு மாநகராட்சி தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குக் கீழேயே, யார் பிறந்தநாள் வந்தாலும் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி.