கூனிகார்னில் ஜிஈவென்ட்டா, த்ரெட்டா? நான் த்ரெட் பக்கம் சாய்ந்த கதை

நான் பார்த்துக்கொள்ளும் ஜாங்கோ (பைத்தான் வலைச் சட்டகம்) செயலி நான்கு கோர் உள்ள ஒரே சர்வரில் ஓடுகிறது. வரும் ரிக்வெஸ்ட்களை அதற்குக் கொண்டுசேர்ப்பது கூனிகார்ன், வொர்க்கர் எனும் ப்ராசஸ்கள் வழியாக. காலையில் கூட்டம் ஏறினால் பக்கங்கள் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வரில் போய்ப் பார்த்தால் சிபியு பாதிகூட நிரம்பியிருக்காது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் வெளிச் சேவைகளின் ஏபிஐயும் பதில் தரும்வரை வொர்க்கர்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன.

கூனிகார்னின் சாதா சிங்க் வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டைத்தான் கவனிக்கும். அதன் ஆவணம் சொல்லும் கணக்கு, கோர் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்றைக் கூட்டு என்பது. எனக்கு 9 வந்தது. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 200 மில்லிசெகண்ட் என்றால் வினாடிக்கு 45, அதற்கு மேல் நகராது. வொர்க்கரை 30 ஆக்கலாம்தான். ஆனால் ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ், ரேம் தாங்காது.

சரி, ஜிஈவென்ட்: ஒரு ரிக்வெஸ்ட் காத்திருக்கும்போது அதே வொர்க்கரை அடுத்ததுக்குத் தாவவைக்கும் வகை. முதலில் அதைத்தான் போட்டேன். கட்டமைப்பில் ஒரு வரி மாற்றினால் ஒரு வொர்க்கரே நூற்றுக்கணக்கான ரிக்வெஸ்ட்களைக் கையில் வைத்துக்கொள்ளும். வெளி ஏபிஐக்காகக் காத்திருப்பதே முக்கால்வாசி வேலை என்றால் இதை அடிக்க ஆளில்லை. என் சோதனையிலும் எண்கள் அழகாக ஏறின. உண்மையான கூட்டம் வந்த அன்றுதான் போஸ்ட்கிரஸ் 'சாரி, டூ மெனி க்ளையண்ட்ஸ் ஆல்ரெடி' என்றது. எவ்வளவு மரியாதையான மறுப்பு!

முடிவைத் தீர்மானித்தது இந்த டேட்டாபேஸ் இணைப்புக் கணக்குதான். ஜாங்கோ ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ப்ராசஸுக்குள் தனித்து ஓடும் வேலைச்சரடு) தனி இணைப்பு திறக்கும். ஜிஈவென்ட் த்ரெட்டை கிரீன்லெட்டாக (மாறி மாறி ஓடும் இலேசான வேலைச்சரடு) மாற்றிவிடுவதால் கிரீன்லெட்டுக்கு ஒரு இணைப்பு. கூனிகார்ன் ஒரு வொர்க்கருக்கு இயல்பாக 1000 வாடிக்கையாளர் இணைப்பு வரை ஏற்கும். போஸ்ட்கிரஸோ இயல்பாக மொத்தமே 100தான் தரும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்துதரும் பிஜிபவுன்சர் வைத்தால் தீரும். அப்புறம் அதையும் யாராவது கவனிக்க வேண்டும், அந்த யாராவது நான்தான். இது போதாதென்று, போஸ்ட்கிரஸுடன் பேசும் நூலகமான சைக்காப்ஜி 2, சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தானின் காத்திருப்பு அழைப்புகளை மாற்றிவைக்கும் ஜிஈவென்ட்டின் ஒட்டுவேலை அதற்குள் எட்டாது. இரண்டையும் இணைக்கும் சைக்கோகிரீன் சேர்க்காவிட்டால் ஒரு மெதுவான கொயரி அந்த வொர்க்கர் முழுவதையும் நிறுத்திவிடும். பிடிஎஃப் தயாரிக்கும் ரிக்வெஸ்ட் ஒன்று வந்தாலும் அதே கதி.

ஜிதிரெட் என்பது ஒவ்வொரு வொர்க்கருக்குள்ளும் சில த்ரெட்களை ஓட்டும் கூனிகார்ன் வகை. அதில் இணைப்பின் உச்சவரம்பு முன்கூட்டியே தெரியும்: வொர்க்கர் பெருக்கல் த்ரெட். ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே பைத்தான் கோடை ஓட்டவிடும் பூட்டு) இருக்கிறதே என்பார்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் த்ரெட் அந்தப் பூட்டை விட்டுவிடும். பிடிஎஃப் போன்ற கனமான பைத்தான் வேலை ஓடினாலும் 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மற்ற த்ரெட்டுக்கு வாய்ப்புக் கிடைக்கும். பக்கங்கள் மெதுவாகும், ஆனால் நிற்காது.

இதிலும் ஒரு குறை உண்டு. சிங்க் வொர்க்கரில் ஒரு ரிக்வெஸ்ட் 30 வினாடி மாட்டிக்கொண்டால் கூனிகார்னே அந்த வொர்க்கரைக் கொன்றுவிடும். ஜிதிரெட்டில் அந்த டைம்அவுட் தனி ரிக்வெஸ்ட்டைக் கவனிப்பதில்லை. தொங்கிய த்ரெட் தொங்கியபடியே கிடக்கும். அதனால் வெளி ஏபிஐ அழைப்பு எல்லாவற்றிலும் டைம்அவுட் போட்டேன், போஸ்ட்கிரஸில் கொயரிக்கும் நேர எல்லை வைத்தேன்.

அசிங்க் (காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலைக்குத் தாவும்) கோடை ஓட்டும் சர்வரான யுவிகார்ன் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் குறைவு. வெப்சாக்கெட் உள்ள சின்ன ஃபாஸ்ட்ஏபிஐ திட்டம் ஒன்றில் நன்றாகவே ஓடியது. பழைய ஜாங்கோ கோடை அதற்கு மாற்ற மட்டும் மனம் வரவில்லை. ஜாங்கோ 4.1 முதல் ஓஆர்எம்மில் (டேட்டாபேஸை பைத்தான் வழியாகக் கையாளும் பகுதி) அசிங்க் முறைகள் இருந்தாலும், அடியில் கொயரி ஒரு த்ரெட்டில்தான் ஓடுகிறது.

இப்போது 5 வொர்க்கர், ஆளுக்கு 8 த்ரெட். மொத்தம் 40 இணைப்பு. 60 வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் புது கோடை ஏற்றி ரீலோட் செய்யும்போது பழைய வொர்க்கர்கள் கையில் உள்ள வேலையை முடிக்கும்வரை புதியவையும் கூடவே ஓடும். அந்தச் சில வினாடிகளில் 40 என்பது 80 ஆகிவிடும். மிச்ச இடம் பின்னணி வேலைகளை ஓட்டும் செலரிக்கும், அவசரத்துக்கு நான் திறக்கும் டேட்டாபேஸ் கருவியான பிஎஸ்க்யூஎல்லுக்கும்.