பொட்டாசியம் குளோரைடா, சான்றளித்த அரிசி மாவா?

காரைக்குடியில் கவுனி அரிசியின் கதிரியக்கத்தை அளப்பதற்கு முன், கருவி சொல்லும் எண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பது?

பொட்டாசியம் குளோரைடு மலிவு. ஒரு கிராமில் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 சுமார் 16 பெக்கெரல், அதாவது நொடிக்கு 16 சிதைவு; அரை ஆயுள் 125 கோடி ஆண்டு, தேதிக் கணக்கே வேண்டாம். ஆனால் அதன் காமா கோடு, அதாவது அது வெளியிடும் காமா கதிரின் ஆற்றல், 1461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில். நாம் அரிசியில் தேடும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 இருப்பது 662-இல். அங்கே கதிரைப் பிடிக்கும் கருவியின் திறன் வேறு.

சான்றளித்த மாவில் அந்தச் சீசியமே இருக்கிறது, அளவும் சான்றிதழில் இருக்கும். விலை கூடுதல்தான், 30 ஆண்டில் பாதியாகும் சிதைவையும் கணக்கில் கழிக்க வேண்டும். ஆனாலும் அரைத்த கவுனிக்கு அடர்த்தியில் அதுவே நெருக்கம், பொட்டாசியம் குளோரைடு உப்பு கனம். டப்பாவைத் தட்டித் தட்டி, ஒப்பிடும் பொருளையும் கவுனியையும் ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். சில மில்லிமீட்டர் குறைந்தாலும் எண் மாறும்.

அன்றாடச் சோதனைக்கு உப்பு போதும். சீசியம் அளவை எழுதிக் கொடுப்பதென்றால் என் கை மாவுக்குத்தான் போகும்.