பிற்காலப் பரிசுத்தவான்களின் முழுநேர ஊழியம்: ஆவிக்குரிய வளர்ச்சி எங்கே கிடைக்கிறது

மார்மன் சபை என்று பலரும் அறிந்த பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, தன் போதனையை அறிவிக்க இளைஞர்களை அனுப்பிவைக்கும் முழுநேர ஊழியத்தைப் பற்றி இரண்டு விதமாகத்தான் பேச்சு அடிபடுகிறது. போய் வந்தவர்கள் கண்கலங்கச் சாட்சி சொல்கிறார்கள். வெளியே நிற்பவர்கள், வீடுவீடாகக் கதவு தட்டும் வேலை என்று முடித்துவிடுகிறார்கள். விண்ணப்பம் போடலாமா என்று யோசிக்கிறவருக்கு இரண்டும் போதாது. இந்த ஏற்பாட்டில் எது ஒருவரை உண்மையிலேயே வளர்க்கிறது, எது சறுக்குகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. செலவை ஊழியரும் குடும்பமும் ஏற்கிறார்கள். முடியாதவர்களுக்குச் சபையின் ஊழிய நிதி கைகொடுக்கும். ஆயரும் (உள்ளூர்ச் சபையை நடத்துபவர்) பிணையத் தலைவரும் (பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பானவர்) தனித்தனியே நேர்காணல் நடத்துவார்கள். மருத்துவரும் பல் மருத்துவரும் நிரப்பித் தர வேண்டிய படிவங்கள் உண்டு. எந்த ஊர் என்பது நம் கையில் இல்லை, அழைப்புக் கடிதத்தில் என்ன வருகிறதோ அதுதான். இந்தக் கட்டத்திலேயே பெரிய பிழை ஒன்று நடக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், அதற்காகச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், விசுவாசம் குறைந்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மறைத்துவிடுகிறார்கள். புது ஊர், பழகாத மொழி, நாள் முழுக்க முகத்தில் சாத்தப்படும் கதவுகள் எல்லாம் சேரும்போது மறைத்தது வெடிக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்; மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அக்டோபர் 2012-ல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19-லிருந்து 18 ஆனது, பெண்களுக்கு 21-லிருந்து 19 (2025-ல் அதுவும் 18 ஆனது). அதற்குப் பிறகு பள்ளியை முடித்த கையோடு கிளம்புகிறவர்கள் அதிகம். சமைக்க, துவைக்க, கைச்செலவைக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் போனால் முதல் சில வாரங்களின் பலமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். இதை வீட்டிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது.

வழக்கமாகக் காலை 6:30-க்கு எழுவது, இரவு 10:30-க்குப் படுப்பது. உடற்பயிற்சி, ஒரு மணி நேரத் தனிப்படிப்பு, துணை ஊழியரோடு (எப்போதும் கூடவே இருக்கும் சக ஊழியர்) சேர்ந்து படிப்பு, அன்றைய திட்டம், தேவையானால் மொழிப்பாடம், பிறகு தெரு. இதில் தனிப்படிப்பைப் பலர் அதிகாரக் கணக்காக ஆக்கிவிடுகிறார்கள்: இன்று மூன்று அதிகாரம், நாளை மூன்று. அப்படிப் படித்தால், பைபிளோடு சபை வேதமாக ஏற்கும் மார்மன் புஸ்தகம் இரண்டு முறை முடியும், உள்ளே ஒன்றும் தங்காது. நேற்று சந்தித்த ஒருவரின் கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பிள்ளையை இழந்த தாய் கேட்டதற்கு வேதத்தில் என்ன இருக்கிறது என்று தேடி, கிடைத்த வசனத்தை எழுதி, அதன் கீழே அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் எழுதினால் போதும். பிறருக்காகத் தேடும்போதுதான் வசனம் நம்மையும் தொடுகிறது.

ஊழியர்களின் வழிகாட்டி நூல் 'என் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்' 2004-ல் வந்தது, 2023-ல் திருத்தப்பட்டது. அதன் ஆறாம் அதிகாரம் கிறிஸ்துவைப் போன்ற பண்புகளைப் பற்றியது: விசுவாசம், நம்பிக்கை, தயாளம், பொறுமை, தாழ்மை, கீழ்ப்படிதல் போன்றவை. ஒவ்வொன்றிலும் நமக்கு நாமே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக்கொள்ளும் பயிற்சியும் உண்டு. நல்ல கருவி, ஆனால் எல்லாப் பண்பையும் ஒரே மூச்சில் பிடித்தால் பத்து நாளில் விட்டுப்போகும். ஒன்றை மட்டும் எடுத்து ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பொறுமை என்றால், அது உடையும் இடத்தையும் குறித்துவையுங்கள்: வரச் சொன்னவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருக்கும் நேரமா, மொழி வராமல் திணறும் நேரமா? இடம் தெரிந்தால்தான் எதற்காக ஜெபிப்பது என்பதும் தெரியும்.

ஆனால் இந்த ஊழியத்தில் மிகப் பலமான பகுதி எது என்று கேட்டால், துணை ஊழியர்தான். இயேசு சீஷர்களை இரண்டு இரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு 6:7 சொல்கிறது. சபை அதை அப்படியே கடைப்பிடிக்கிறது. துணையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். அதில் துணை மாறலாம், மாறாமலும் போகலாம். அரை மணி நேரம் பார்க்கும் அந்நியரிடம் நல்லவராக இருந்துவிடலாம். எழுந்ததிலிருந்து படுப்பதுவரை கூடவே இருப்பவரிடம் அது நடக்காது. அன்பு, மன்னிப்பு என்று தெருவில் போதித்ததெல்லாம் அறைக்குள் பாத்திரம் கழுவும் முறையில் சோதிக்கப்படும்.

வாராந்தரத் திட்டமிடலின் முடிவில் துணைவர்கள் இருவரும் மனம் திறந்து பேச ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊழியத்தின் உயிர்நாடி அதுதான். பெரும்பாலோர் 'எல்லாம் சரிதானே', 'சரிதான்' என்று இரண்டு நிமிடத்தில் முடிக்கிறார்கள். அடக்கி வைத்த எரிச்சல் பிறகு ஒரு நாள் பாடம் நடக்கும் வீட்டிலேயே வெளிப்படும். கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். சரியாகச் செய்வது இப்படி: ஜெபத்தோடு தொடங்கி, துணையிடம் அந்த வாரம் கண்ட நன்மை ஒன்றை நடந்த சம்பவத்தோடு சொல்லுங்கள். அடுத்து, 'நான் எதை மாற்றினால் உங்களுக்கு உதவும்' என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை வாய் திறக்காதீர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது வாதமாகிவிடும். கடைசியில் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்யுங்கள். துணையின் நடத்தை அச்சுறுத்தலாகவோ தகாததாகவோ இருந்தால் மட்டும் இந்த முறை பொருந்தாது. நேராக, அந்தப் பகுதியின் ஊழியர்களை வழிநடத்தும் ஊழியத் தலைவரிடம் சொல்ல வேண்டும்; அதைக் காட்டிக்கொடுத்தல் என்று நினைக்கவே கூடாது.

எண்ணிக்கைதான் பலவீனமான இடம். புதிதாகப் போதிக்கப்படுகிறவர்கள், திருவிருந்து ஆராதனைக்கு வந்தவர்கள், ஞானஸ்நானத் தேதி குறித்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று வாராவாரம் கணக்கு போகும். யாரைப் பற்றி இன்னும் ஜெபிக்க வேண்டும் என்று காட்டும்வரை இந்தக் கணக்கு உதவும். பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிடத் தொடங்கியதும் கெடுக்கும், ஏனென்றால் மற்றவரின் முடிவு நம் முயற்சியில் அடங்காது. வழிகாட்டி நூலே வெற்றியை அர்ப்பணிப்பைக் கொண்டுதான் அளக்கச் சொல்கிறது. ஒரு ஞானஸ்நானமும் பார்க்காமல் திரும்பியவர் தோற்றவர் அல்லர். இதைப் பெற்றோர் முதலில் உணர வேண்டும், தொலைபேசியில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே பெரும்பாலும் இதுவாக இருப்பதால்.

முன்பெல்லாம் வீட்டோடு பேச வருடத்துக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு. பிப்ரவரி 2019 முதல் வாரந்தோறும் ஆயத்த நாளில் பேசலாம். நல்ல மாற்றம். ஆனால் துணி, சந்தை, ஓய்வு எல்லாவற்றுக்கும் இருக்கும் ஒரே நாள் அது. அழைப்பு மணிக்கணக்கில் நீண்டால் வாரம் முழுக்கக் களைப்பு தொடரும்.

திரும்பி வந்ததும் பிணையத் தலைவர் பணியிலிருந்து விடுவிப்பார், பெயர்ப்பட்டையைக் கழற்ற வேண்டும். மறுநாள் காலை எழுப்ப ஆளில்லை, திட்டமில்லை, துணையில்லை. ஊழியத்தில் வளர்ந்தது வாடத் தொடங்குவது இங்கேதான். முழு அட்டவணையையும் பிடித்துக்கொள்ள முயல வேண்டாம். படிப்பும் வேலையும் அதற்கு இடம் தராது. அரை மணி நேரப் படிப்பையும், வாரத்தில் ஒருவரைப் போய்ப் பார்ப்பதையும் மட்டும் முதல் வாரத்திலேயே நேரம் குறித்து வைத்துக்கொண்டால் நிலைக்கும். உடல்நலமோ மனநலமோ காரணமாகப் பாதியில் திரும்புகிறவர்களுக்கு, வீட்டிலிருந்தபடியே செய்யும் சேவை ஊழியம் என்ற வழி உண்டு. அதை ஆயரிடமும் பிணையத் தலைவரிடமும் வந்த வாரத்திலேயே கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.