சேலம் மிஷன் வளாகமா, ஏற்காட்டுக் காப்பித் தோட்டமா? மன்னிப்பைப் பேசும் சரித்திரக் காதல் கதைக்கு எது களம்

சேலம் ஜில்லாவில் கிறிஸ்தவச் சரித்திரக் காதல் கதை எழுத வருகிறவர்களுக்கு இரண்டு களங்கள் உடனே கண்ணில் படும். ஒன்று, தாது வருஷப் பஞ்சம் (1876–78) தணிந்த கையோடு ஏற்காட்டுக் காப்பித் தோட்டம். மற்றது, அதற்குப் பத்து வருஷம் முந்தைய சேலம் நகரம். லண்டன் மிஷன் 1827 முதல் ஊழியம் செய்த ஊர்.

புது வாழ்வு தொடங்க மலை வசதியான இடம். பஞ்சத்தில் குடும்பத்தை இழந்த விதவை, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறாள். அவள் பழைய கதை அங்கே யாருக்கும் தெரியாது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். அவர் உத்தரவுக்கும் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. ஆகவே கடன் கதையில் நன்றாகவே கனக்கும். சறுக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. கதாநாயகனான கணக்குப்பிள்ளை கடன் சீட்டைக் கிழித்துப் போட்டால் அது கிருபை ஆகாது, துரையின் பணத்தில் செய்த தாராளம். தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அவன் கட்டித் தீர்க்க வேண்டும். துரையே மன்னித்துவிட்டால் வெள்ளைக்காரர் ரட்சிக்க வந்த கதையாகிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. அவளுக்குத் தீங்கு செய்தவர்கள் பஞ்சத்தில் செத்திருப்பார்கள், அல்லது அடிவாரத்தில் எங்கோ இருப்பார்கள். அவள் யாரை மன்னிப்பாள்?

சேலம் நகரத்தில் அந்தச் சிக்கல் இல்லை. தீங்கு செய்தவர் அடுத்த தெருவில் இருக்கிறார். சட்டமே கதைக்கு எலும்புக்கூடு தருகிறது. மதம் மாறியவர்களின் திருமண முறிவுச் சட்டம் 1866இல் வந்தது. ஞானஸ்நானம் பெற்றவளை, அந்தக் காரணத்துக்காகவே கணவன் தொடர்ந்து ஆறு மாதம் ஒதுக்கி வைத்தால் அவள் வழக்குப் போடலாம். கணவனை நீதிபதி நேரில் விசாரிப்பார். அவளோடு வாழ அவன் மறுத்தாலும் உடனே தீர்ப்பு கிடையாது, வழக்கு ஒரு வருஷம் ஒத்திவைக்கப்படும். பிறகும் மறுத்தால்தான் முறிவு. அதன்பின் இருவருமே மறுமணம் செய்யலாம்.

அந்த ஒரு வருஷம்தான் கதை. மனைவியை இழந்த உபதேசியார் (மிஷனின் வேத போதகர்) ஒருவர் அவளை மணக்கக் காத்திருக்கிறார். பத்தாவது மாதம் கணவன் வந்து, "வீட்டுக்கு வா, உன் ஜெபத்தைத் தடுக்க மாட்டேன்" என்கிறான். 1 கொரிந்தியர் 7:13 அவனோடு இருக்கச் சொல்கிறது. 7:15 பிரிந்துபோகிறவனை விட்டுவிடச் சொல்கிறது. மன்னிப்பும் புது வாழ்வும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இப்படியொரு இடம் மலைக்கதையில் கிடைக்காது. நகரக் களம்தான் என் தேர்வு. பலர் இங்கே கணவனை வாந்திபேதியில் சாகடித்துத் தப்பிக்கிறார்கள். அதோடு கதையும் செத்துவிடும். அவனுடைய குடும்பத்தைக் கொடியவர்களாக்குவதும் அதே தப்பித்தல்தான். மருமகளை இழந்த மாமியாருக்கும் ஒரு துக்கம் இருக்கிறது, அதற்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள்.

காலப் பிழைகள் இரண்டு களத்திலும் காலை வாரும். அஸ்தம்பட்டிப் பக்கம் உள்ள கிறிஸ்து நாதர் ஆலயம் 1875இல் எழுந்தது, 1867இல் அங்கே கல்யாணம் நடத்த முடியாது. ஏற்காட்டுத் திரித்துவ ஆலயம் 1853இலேயே உண்டு. 1862க்குள் சென்னையிலிருந்து சேலம் வழியாக ரயில் ஓடியது. மலைக்கோ இன்றைய கொண்டை ஊசி வளைவுச் சாலை இல்லை. நடை, மட்டக்குதிரை, டோலிதான். காப்பி நட்ட மறுவருஷமே பழம் பறிக்கிற காட்சி வேண்டாம், மூன்று வருஷமாவது ஆகும். பூப்பது மார்ச், ஏப்ரல் கோடைமழைக்குப் பிறகு. பறிப்பு நவம்பரையொட்டித் தொடங்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு மிஷன் கல்யாணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான், ஆகவே மலைக்கதையில் நள்ளிரவுத் தாலி கிடையாது.

வேத வசனத்திலும் கவனம் வேண்டும். இன்று சபையில் வாசிக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையாக வந்தது. 1867இல் நடக்கிற கதையில் உபதேசியார் அதை வரிக்கு வரி சொல்லக் கூடாது; பொருளை அவர் பேச்சு நடையில் வையுங்கள். பாட்டுக்குக் கவலையில்லை: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மறைந்ததே 1864இல்தான், அவர் கீர்த்தனைகளை இரண்டு கதையிலும் தாராளமாகப் பாடலாம்.