6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கீசர் வால்வுக்கு டம்மி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் – வேலூர்க்காரர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 6,800 ரூபாய். ஒரு கீசர் ரிப்பேருக்கு. பணம் போனதோடு முடிந்திருந்தால் நாலு பேரிடம் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் குளிக்கப் போகிறவர்கள் தலைக்கு மேலேயே ஆபத்தை மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் படியுங்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

வீடு சத்துவாச்சாரியில். மாடி போர்ஷனை ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர்க் குடும்பங்களுக்கு மாத வாடகைக்கு விடுகிறோம். இப்போது இருப்பவர்கள் கொல்கத்தா பக்கம். பெரியவருக்கு வைத்தியம் நடக்கிறது, கூடவே நான்கு வயதுப் பேரனும் இருக்கிறான். பாத்ரூமில் 25 லிட்டர் கீசர். எங்கள் போர் தண்ணீரைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த உப்பு, தண்ணீரைச் சூடாக்குகிற காயில் மேல் ஏடு கட்டிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாது, கரண்ட் பில் மட்டும் ஏறும். அதுதான் ஆகியிருந்தது. தண்ணீர் சூடாக நேரம் பிடித்தது, கீழே இருக்கிற வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் விழுந்தது.

கீசர் கம்பெனி பேரோடு 'வேலூர் சர்வீஸ் சென்டர்' என்று போனில் தேடினேன். மேலே வந்த நம்பருக்கு அடித்தேன். 'கம்பெனி சர்வீஸ்தான் மேடம்' என்று ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். மறுநாளே ஆள் வந்துவிட்டான். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் டூல்ஸ் பை. வாசலில் செருப்பைக் கழற்றினான், பழைய பேப்பர் கேட்டு வாங்கிப் பாத்ரூம் வாசலில் விரித்துக்கொண்டான். ஹாலில் மாட்டியிருந்த வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் காலண்டரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, 'எங்க அம்மாவும் பிரதோஷம் தவறாம கோட்டைக்குப் போயிடுவாங்க அக்கா' என்றான். என் மாமியார் எழுந்து போய்க் காபி போட்டுக் கொடுத்தார். யாரையும் லேசில் நம்பாத மனுஷி அவர்.

கொஞ்ச நேரம் கழித்து, 'காயில் போயிடுச்சு, தெர்மோஸ்டாட் போயிடுச்சு, வால்வும் லீக்கு' என்று லிஸ்ட் வந்தது. காயில் 2,450, தெர்மோஸ்டாட் 1,150, வால்வு 1,400, டேங்க் கிளீனிங் 1,200, வந்து போனதற்கு 600. மொத்தம் 6,800. இவ்வளவா என்று இழுத்ததற்கு, 'நம்ம ஊர்க்காரன் உங்கள ஏமாத்துவேனா அக்கா? ஒரு வருஷம் கேரண்டி' என்றான். பழைய சாமானைக் கேட்டால் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். பணம் போனில் அனுப்பியபோது திரையில் வந்தது ஏதோ ஒரு தனி ஆளின் பேர். 'அது எங்க சூப்பர்வைசர்' என்றான்.

மறுநாள் விடியற்காலையில் மாடிப் பெண் ஓடி வந்து, 'ஆன்ட்டி, பானி பஹுத் கரம்!' என்றாள், தண்ணீர் ரொம்பச் சூடாம். ஏறிப் போய்ப் பார்த்தால் குழாயிலிருந்து ஆவியும் தண்ணீரும் துப்பித் துப்பி வருகிறது, டேங்குக்குள் கடகடவென்று சத்தம், சிவப்பு லைட் அணையவே இல்லை. நல்லவேளை, அந்தப் பிள்ளை உள்ளே போவதற்கு முன் அவள் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறாள். மெயினை அணைத்துவிட்டு எங்கள் தெரு பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டோம்.

அவர் கழற்றிக் காட்டியதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. புதுக் காயில் என்று காசு வாங்கியது பழைய காயிலேதான். மேலே கத்தியால் சுரண்டிய கோடு கோடாகத் தெரிகிறது, வளைவுகளுக்குள் வெள்ளை உப்பு அப்படியே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றவே இல்லை, அதை விட்டுவிட்டு வயரை நேராக இழுத்து 'டைரக்ட்' பண்ணியிருக்கிறான். சூடு எவ்வளவு ஏறினாலும் தானாக நிற்காது. வால்வும் பழையதுதான். சொட்டுகிற வாயில் புது டெஃப்லான் டேப் சுற்றி ஒரு டம்மியை, அதாவது ஓட்டையில்லாத மூடியைத் திருகி அடைத்திருக்கிறான். லீக் நின்றுவிட்டது, பார்த்தீர்களா!

அந்தச் சொட்டு லீக்கே இல்லை என்பதுதான் விஷயம். தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் டேங்கில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அதிகமாகும். பின்னால் திரும்பிப் போக விடாத வால்வு இருப்பதால் மிஞ்சியது அந்த வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தண்ணீர் சூடாகும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க ஒழுகினால்தான் கோளாறு. அப்போதும் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டும் இல்லாமல் அந்த வாயையும் அடைப்பது குக்கரில் வெயிட்டை வெல்டிங் வைத்து அடைப்பது மாதிரி. உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி அழுத்தத்தில் நிற்கும். டேங்க் பிளந்தால் அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும், ஆவி தண்ணீரைப் போல 1,600 மடங்கு இடம் கேட்கும். பாத்ரூம் சுவர் தாங்காது.

அந்த நம்பருக்குப் போன் செய்தால், 'கம்ப்ளைன்ட் எடுத்துக்கிட்டோம் மேடம், கூப்பிடுவாங்க.' யாரும் கூப்பிடவில்லை. திரும்ப அடித்தால் ஆள் லீவு. அப்புறம், 'அவர் இப்ப எங்ககிட்ட வேலையில இல்ல.' பில்லை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அதில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, முகவரியும் இல்லை என்பதை அப்போதுதான் பிளம்பர் அண்ணன் காட்டினார். கடைசியாகப் பேசிய ஆள், 'உங்க ஊர் தண்ணியே உப்பு மேடம், அதுக்கு நாங்க என்ன பண்றது?' என்று கேட்டான். தண்ணியா வந்து டம்மி போட்டுச்சு? கேட்டதும் லைன் கட். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். இதற்கு நடுவில் சர்வீஸ் எப்படி இருந்தது, ஸ்டார் கொடுங்கள் என்று மெசேஜ் வேறு. 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஸ்டாரும் வேண்டுமாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. புகார் நடப்பதால் அந்த நம்பரை இங்கே போடவில்லை.

விலாவாரியாக எழுதத்தான் நினைத்தேன், மாடியில் புது வால்வு மாட்டுகிறார்கள், போக வேண்டும். சுருக்கமாக:

சர்வீஸ் நம்பரை நெட்டில் தேடாதீர்கள், வாரண்டி கார்டிலிருந்து எடுங்கள். கழற்றிய பழைய சாமான் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். 2,000 வாட்ஸ் கீசர் 9 ஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும், 16 ஆம்ப்ஸ் பிளக்கில்தான் போட வேண்டும், எர்த் கட்டாயம். சூடு 60 டிகிரிக்கு மேல் வேண்டாம். 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர்.

உங்கள் கீசருக்குக் கீழே குனிந்து அந்த வால்வைப் பாருங்கள். வாய் அடைத்திருந்தால் சுவிட்சை அணையுங்கள், சரி செய்யும்வரை போடாதீர்கள்.